எப்போதும் இதிலேயே திற

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் பிடிஎஃப் ஃபைலை அழுத்தும்போதெல்லாம், எதில் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, மேடம். அவரும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே 'எப்போதும்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்காது. காலையில் சொல்லிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டு வந்த ஆள் சொல்லி ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டேன் என்றார். நியாயம்தான். நானாக இருந்தாலும் வைக்க மாட்டேன்.

என் பெயர் ஹேமநாதன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் பிரிவில் வேலை. யாருடைய கம்ப்யூட்டரில் எது ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். ஓட ஆரம்பித்ததும் போனை வைத்துவிடுவார்கள். சொந்த ஊர் முத்தாபுதுப்பேட்டை. எங்கள் நிலமெல்லாம் பிளாட் போட்டு, தெருவாகி, வீடாகிவிட்டது. அம்மா பூங்காவனம் இன்னும் அங்கே பழைய வீட்டில்தான் இருக்கிறாள். முன்பக்கப் போர்ஷனில் அப்துல் ரசாக், சபீனா என்று ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். நானும் என் மனைவி கலைவாணியும் வேலப்பன்சாவடியில் ஒரு ஃபிளாட்டில். அவள் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறாள். கூடவே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். புறநகர் போர்வெல் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆராய்ச்சி.

போன வருஷம் அவள் லேப்டாப் திடீரென்று நின்றுபோய், எழுதி முடித்த ஒரு அத்தியாயம் அப்படியே போய்விட்டது. அன்று சமையலறையில் நின்றபடியே அழுதாள். என்னால் பார்க்க முடியவில்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் பாசத்தில்தான் ஆரம்பித்தது. அந்த வார லீவிலேயே உட்கார்ந்து ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். 'பத்திரம்' என்று பெயர் வைத்தேன். அவள் எந்த ஃபைலை அழுத்தினாலும் முதலில் பத்திரம்தான் திறக்கும். ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, ஃபைலை எக்செலிடமோ வேர்டிடமோ கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கண் சிமிட்டுகிற நேரம்தான்.

இது எப்படி முடியும் என்று போன தடவை கேட்டீர்கள். விண்டோஸுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. எந்த வகை ஃபைலை எந்த ப்ரோகிராம் திறக்க வேண்டும் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மூன்று நாலு எழுத்து இருக்குமே, அதுதான் அதன் ஜாதி. இந்த ஜாதி வந்தால் இவனிடம் அனுப்பு என்று ஒரு வரி. ஃபைலிடம் யாரும் கேட்பதில்லை. முன்பெல்லாம் அந்த வரியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இப்போது விண்டோஸ் கொஞ்சம் விவரமாகிவிட்டது. புதிதாக ஒரு ப்ரோகிராம் வந்திருக்கிறது, இதில் திறக்கட்டுமா என்று சொந்தக்காரரையே கேட்கிறது. அவர் கையால்தான் அழுத்த வேண்டும்.

அவள் கையால்தான் அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். "இனிமே எதுவும் தொலையாதுல்ல?" என்று கேட்டாள். தொலையாது என்றேன். 'ஒரு தடவை மட்டும்', 'எப்போதும்' என்று இரண்டு பட்டன் இருந்தன. அவள் 'எப்போதும்' என்பதை அழுத்தினாள். அனுமதி இல்லாமல் நுழைந்தேன் என்று உங்கள் எஃப்.ஐ.ஆரில் இருப்பது எனக்கு மன வருத்தம்.

நகல்கள் வர ஆரம்பித்தன. சேமித்து வைக்கத்தான் வாங்கினேன், ஆனால் கண்ணில் படுகிறதைப் படிக்காமல் இருக்க நான் முனிவர் இல்லை. அவள் எழுத்தில் தப்புகள் இருந்தன. ஒரு நாள் ஒரு கமாவைச் சரிசெய்து பார்த்தேன். பத்திரத்தில் நாலு வரி சேர்த்தால் போதும், ஃபைல் திறக்கிற வழியிலேயே திருத்தம் நடந்துவிடும். அவள் கவனிக்கவில்லை. அடுத்து ஒரு வார்த்தையை மாற்றினேன். அதையும் கவனிக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர் தன் வாக்கியத்தையே அடையாளம் காண முடியாமல் இருக்கிறாரே என்று எனக்கு லேசான ஏமாற்றம்.

அதோடு நின்றிருப்பேன். நடுவில் அந்தத் தெருக் கூட்டம் வந்தது.

அவள் எங்கள் முத்தாபுதுப்பேட்டைத் தெருவிலும் போர்வெல் தண்ணீர் எடுத்திருந்தாள். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை ஒட்டியே போர்வெல். தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாமாம். எங்கள் தெருவில் நூற்று முப்பத்தெட்டு இருந்தது. தெரு சங்கத்துச் செயலாளர் இருதயராஜ், அங்கே புதிதாக வீடு வாங்கி வந்தவர், ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தன் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டினார். கலை உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்கள். நான் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். இருதயராஜ் என்னைப் பார்த்து, "டிரைவர், பெட்டிய அந்த ஓரமா வச்சிருங்க" என்றார்.

நான் பிறந்த தெரு அது, மேடம். அந்தக் கார் ஷெட் நிற்கிற இடத்தில் எங்கள் அப்பா வேர்க்கடலை போட்டிருக்கிறார்.

கலை, "ஐயோ, அவர் என் ஹஸ்பெண்ட்" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் மைக் சரியாக நிற்கவில்லை என்று என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தால் இன்னும் மோசம், பால்மாவு கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைகளுக்கு ரத்தமே நீலமாகிவிடும் என்று கலை சொன்னாள். எல்லோரையும்விடத் தெளிவாக எனக்குத்தான் கேட்டிருக்கும். மைக் என் கையில் அல்லவா இருந்தது.

வண்டியில் திரும்பி வரும்போது சென்னீர்குப்பம் சிக்னலில் அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்து, மறுபடி சிரித்தாள்.

அந்த வாரம் அவளுடைய கைடு அவளைச் சந்திக்கிற நேரத்தை அவள் ஃபைலில் ஒரு மணி தள்ளி வைத்தேன். தாமதமாகப் போய் நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். "பத்து மணின்னுதான் எழுதி வச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். ஃபைலைத் திறந்து காட்டினாள். பதினொன்று என்று இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதுக்கு அப்புறம் அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. இனிமேல் என் வேலையையெல்லாம் நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எனக்கு என்னையே நம்ப முடியவில்லை என்றாள். ஒருவருக்கு உதவியாக இருப்பதில் எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நிம்மதி தொடர்ந்து கிடைப்பதற்கான ஏற்பாடுகளைத்தான் செய்தேன். வினாத்தாளில் கேள்வி எண் மாறியது. மாணவர்களின் மதிப்பெண் இடம் மாறியது. கல்லூரியில் முணுமுணுத்தார்கள். நான் அவளை அண்ணா நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். அவளைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார், நானும் விவரமாகச் சொன்னேன். மறதி, குழப்பம், தான் எழுதியதைத் தான் எழுதவில்லை என்று சொல்வது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் மத்தியானமெல்லாம் தூங்கினாள். சமையலை நானே பார்த்துக்கொண்டேன். ரசம் எனக்கு நன்றாக வரும்.

இப்போது தண்ணீர்.

அவள் தெருவுக்கு இன்னொரு சோதனை செய்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் உடம்பு முடியாமலும் லேபுக்குப் போனாள். கருவி காட்டுகிற எண்கள் பென் டிரைவில் ஏறும். கருவியில் பழையது தங்காது. வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் சொருகி ஃபைலை அழுத்துவாள். பத்திரம் அந்தத் தெருவின் ஃபைல்களில் மட்டும், மூன்று இலக்க எண்ணாக இருந்தால் முன்னால் இருக்கிற ஒன்றை எடுத்துவிடும். நூற்று முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. நூற்று இருபத்தாறு, இருபத்தாறு. நான் புதிதாக ஒரு எண்ணையும் எழுதவில்லை, பாருங்கள். இருந்ததில் ஒன்றைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

அவள் பழைய ஃபைலையும் திறந்து பார்த்தாள். அதிலும் முப்பத்தெட்டு. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரையே கூட்டி வைத்து இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேனே என்றாள். தப்பு எல்லோருக்கும் வரும், போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

மறுபடியும் அதே கார் ஷெட். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. கலை தலை நிமிராமல், கணக்கில் தவறு நடந்துவிட்டது, தண்ணீர் குடிக்கலாம், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றாள். இருதயராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேடத்தை நல்லா பாத்துக்குங்க சார் என்றார். சார் என்றார்.

தெரு மறுபடி போர்வெல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அம்மா வீட்டு முன்பக்கப் போர்ஷன் சபீனாவுக்கு அப்போது மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் பால்மாவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கலைக்குப் போன் செய்து, "அக்கா, பாப்பாவுக்கும் இந்தத் தண்ணியே ஊத்தலாமா?" என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கலை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஊத்தலாம்மா என்று கலை சொன்னாள்.

அம்மாவுக்கு மட்டும் நான் கேன் தண்ணீர் போட ஏற்பாடு செய்திருந்தேன். இதைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அம்மாவும் கேட்டாள். "இன்னாத்துக்கு நைனா கேன் தண்ணி? நம்ம கலைதான் நல்லா கீதுன்னு சொல்லிச்சே" என்றாள். உனக்கு மூட்டு வலி, குனிந்து குழாயைத் திறக்க வேண்டாம் என்றேன். அது உண்மையும்தான், அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது. அம்மா தாராள மனசுக்காரி. சபீனா கேட்டிருந்தால் ஒரு குடம் கொடுத்திருப்பாள். சபீனா கேட்கவில்லை. தண்ணீர் நல்லது என்று சொல்லியாகிவிட்ட பிறகு எதற்குக் கேட்கப் போகிறாள்? தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பாலைக் கரைத்தாளாம். ரொம்ப நேரம் கொதிக்க வைப்பாளாம். பொறுப்பான பெண்.

குழந்தைக்கு முதலில் உதடு நீலமானது. அப்புறம் நகம். குளிர் என்று நினைத்துப் போர்த்தியிருக்கிறார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் எடுத்தபோது அது காபிக்கொட்டை நிறத்தில் இருந்ததாம். எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்டார்களாம். குழந்தை பிழைத்துக்கொண்டது. இதை யாரும் முதலில் சொல்வதே இல்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது, வீட்டுக்கும் வந்துவிட்டது. சத்தம் வந்தால் இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிறார்கள். மூன்று மாதக் குழந்தை எத்தனை பார்த்துவிடும்?

அப்துல் ரசாக் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கதவுக்கு வெளியிலேயே செருப்போடு நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. கலையைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் குடுத்தோம், மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, அவங்களுக்கு உடம்பு சரியில்லை பாய், மாத்திரையில் இருக்காங்க, தெரிஞ்சு செய்யல என்று விளக்கினேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் மாத்திரையைக் கொப்பளிக்கிற தண்ணீரோடு வாஷ்பேசினில் துப்பியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் அவள் செய்த காரியங்களை நினைத்தால் ஒரு வீட்டில் இருக்க வேண்டிய வெளிப்படைத்தன்மை இல்லையே என்று இருக்கிறது. மறுபடி முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறாள். லேபில் கருவி காட்டிய எண்ணை இந்தத் தடவை செல்போனில் படம் பிடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஃபைலை அழுத்தியிருக்கிறாள். படத்தில் நூற்று நாற்பத்தொன்று. ஸ்கிரீனில் நாற்பத்தொன்று.

அன்று சாயங்காலம் தோசை வார்த்துப் போட்டாள். நல்ல முறுகலாக வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, ஒரு ஃபைலை டபுள் கிளிக் பண்ணா எது திறக்கணும்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை, மேடம். ஒன்றுகூடக் கேட்டதில்லை. அவள் ஆராய்ச்சியைப் பற்றி நான் எவ்வளவு கேட்டிருப்பேன். நான் கையைக்கூடக் கழுவாமல் சொல்ல ஆரம்பித்தேன். ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன, எந்தக் கிளைக்குள் போக வேண்டும், எந்த வரியில் ப்ரோகிராமின் பாதை இருக்கும், ஃபைலின் பெயர் எந்த இடத்தில் வந்து உட்காரும் என்று எல்லாம். அவள் நடுநடுவே நல்ல சந்தேகங்கள் கேட்டாள். வழியில் ஒரு ப்ரோகிராம் உட்கார்ந்துகொண்டு ஃபைலை மாற்றிவிட்டு எக்செலிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். தாராளமாக முடியும் என்றேன். "யார் வச்சதுன்னு கண்டுபிடிக்கலாமா?" என்றாள். ஒழுங்காக வேலை கற்றவன் தன் பெயரையும் ப்ரோகிராம் பெயரையும் புள்ளி வைத்து எழுதியிருப்பான், அதுதான் முறை என்றேன். அவள் செல்போன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. சட்னி படப்போகிறது என்று நானே அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். என் பக்கமாகத்தான். அதில் பதிவான என் குரலை நீங்கள்தான் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

ரொம்ப சந்தோஷமாகத் தூங்கப் போனேன். காலையில் நான் ஆபீஸ் கிளம்பிய பிறகு அவள் தன் லேப்டாப்பில், நான் சொல்லிக்கொடுத்த வழியிலேயே போயிருக்கிறாள். ஹேமநாதன் புள்ளி பத்திரம் புள்ளி ஒன்று. ஒழுங்காக எழுதப்பட்ட பதிவு. உங்கள் சைபர் ஆட்கள்கூட சுத்தமான வேலை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மத்தியானம் ஆபீஸ் ரிசப்ஷனில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

அம்மா நேற்று வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எனக்கு மட்டும் ஏன் நைனா கேன் போட்ட?" என்று கேட்டாள். மூட்டு வலி என்று மறுபடி சொன்னேன். கொண்டுவந்த சாப்பாட்டைக் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வயதானவர்களுக்கு என்ன சொன்னாலும் புரியாது.

நீங்கள் கேட்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன், ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். ப்ரோகிராமை எழுதியது நான். எண்ணை மாற்றியது நான். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று தெரியும், குழந்தைக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறார்கள் என்றும் தெரியும், தெரிந்துதான் தலையசைத்தேன். ஒரு கார் ஷெட்டில் நாற்பது பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அதில் என் மனைவியும் இருந்தாள். அதற்காகத்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள்.

கலையின் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே வந்ததும் அவளைப் பழையபடி பார்த்துக்கொள்வேன், அவளால் தனியாகச் சமாளிக்க முடியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் எழுதிக் கொடுத்த புகாரில் தேதி, நேரம், நைட்ரேட் அளவு என்று நிறைய எண்கள் இருக்கிறதாகச் சொன்னீர்கள். கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். படித்தவள்தான், பாவம், ஆனால் எண்கள் விஷயத்தில் அவளை நம்ப முடியாது.